குமரி மாவட்டத்துக் காடு, குளம், கடற்கரை: போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் காடு பார்க்க வருகிறவர்கள் பலரும் முதல் நாளை அலுவலக வாசல்களிலேயே தொலைத்துவிடுகிறார்கள். ஓர் இடத்தைச் சொல்லிக் கேட்டால் "அது எங்க லிமிட் இல்லை" என்று அடுத்த அலுவலகத்துக்குக் கை காட்டுவார்கள். அங்கே போனால் "டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) ஆபீஸ் கடிதம் இருக்கா?" என்பார்கள். மாலையாகிவிடும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்தத்தான் இது.

அனுமதி கிடைத்தபின் உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். காகிதம் உங்களைச் சோதனைச்சாவடி தாண்டி உள்ளே விடும், அவ்வளவுதான். ஓடையும் யானையும் ஆமையும் காகிதம் பார்ப்பதில்லை.

1. முதலில் மாதம், அப்புறம் இடம்

பெரும்பாலோர் இடத்தை முடிவு செய்துவிட்டு, லீவு கிடைக்கும் நாளில் கிளம்புகிறார்கள். இந்த மாவட்டத்தில் அது சரிப்படாது. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலும் காட்டாறுகளை நம்ப முடியாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை புல் காய்ந்து தீக்காலம். அப்போது மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு இதில் தளர்வை எதிர்பார்க்காதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

மிஞ்சுவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. அதிலும் மார்கழி முழுக்க ஐயப்ப பக்தர்கள் கூட்டம். திற்பரப்பு அருவியிலும் கன்னியாகுமரியிலும் கால் வைக்க இடமிருக்காது. காணும் பொங்கலன்று எந்த அருவிப் பக்கமும் போகாதீர்கள். எங்கள் கணக்கில், பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம் தொடங்கி மூன்று வாரம்தான் நல்ல காலம். காடு பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் அளவாக இருக்கும், தேரூர்க் குளத்தில் வலசைப் பறவைகள் இருக்கும், கடற்கரையில் ஆமை ஏறும் பருவமும் தொடங்கியிருக்கும்.

கிழமை: செவ்வாய், புதன், வியாழன். ஞாயிற்றுக்கிழமை, காட்டோடையும் கோயிலும் உள்ள காளிகேசத்துக்கு இன்னொரு வண்டி தேவையில்லை. அந்த ஓடையின் கொள்ளளவை ஞாயிறு கூட்டம் ஏற்கெனவே தாண்டிவிடுகிறது. நாம் ஒருவர் போவதால் என்ன என்று நினைக்கிற ஐந்நூறு பேர்தான் அந்தக் கூட்டம். மகா சிவராத்திரியை ஒட்டி, பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டம் நடக்கும் நாட்களில் திற்பரப்பை விட்டுவிடுங்கள். அது ஓடி வருகிறவர்களின் நாள்.

2. அந்த இடம் யாருடையது என்று பாருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு எல்லாமே காடு. காகிதத்தில் அது பல துண்டு.

கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். இதற்குள் நுழைய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலர் அலுவலகம்தான் தொடக்கப் புள்ளி. அதன்கீழ் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று ரேஞ்சுகள் (வனச்சரகங்கள்). உங்கள் இடம் எந்த ரேஞ்சில் வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு பக்கம் மரங்கள் வரிசையாக, பட்டையில் சிரட்டை கட்டி நின்றால் அது ரப்பர் தோட்டம். பெரும்பகுதி அரசு ரப்பர் கழகத்துடையது, சில தனியாருடையவை. தோட்டச் சாலையில் போக வனத்துறைக் கடிதம் போதாது. தோட்ட அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் நீர்வளத் துறையின் கையில். கோதையாறு மின்நிலையப் பகுதி மின்வாரியத்தின் கையில். மேல் கோதையாற்றுக்கு ஊழியர்களை ஏற்றும் விஞ்சில் (கம்பியால் மலைமேல் இழுக்கும் பெட்டி) சுற்றுலாப் பயணிகளுக்கு இடமில்லை. 'ஆள் தெரியும், ஏத்தி விடுகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேல் கோதையாறு, முத்துக்குழி பக்கம் போகும் ஆசையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2023 ஜூனில் தேனி மாவட்டம் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது அந்தக் காட்டில்தான். ஆளில்லாத இடம் என்பதால்தானே அங்கே விட்டார்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, மகேந்திரகிரி. அடிவாரத்தில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் கோடு தெரிகிறது என்று அந்தப் பக்கம் ஏறாதீர்கள். இரண்டு, ஆறுகாணி, பத்துகாணி பக்கத்து எல்லை. அங்கே நாலு அடி தப்பினால் கேரளம். தமிழ்நாட்டு அனுமதி அங்கே செல்லாது. அகஸ்தியர்கூடத்துக்கான அனுமதியைக் கேரள வனத்துறைதான் தருகிறது, குமரி அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை.

யாரோ நடந்து பதிவேற்றிய பாதைக் கோடு அனுமதி ஆகாது. அவரும் அனுமதியில்லாமல் போயிருக்கலாம்.

3. விண்ணப்பம்

மூன்று வழி.

முதலாவது, நீங்கள் எதுவும் எழுத வேண்டாத இடங்கள். காளிகேசம், திற்பரப்பு போன்ற இடங்களில் வாசலிலேயே நுழைவுச்சீட்டு தருவார்கள். நேரம், கட்டணம், குளிக்கத் தடை உண்டா என்பதை அன்றன்றைக்கு அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். மழை பெய்த மறுநாள் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து கீரிப்பாறைக்குப் பேருந்து ஏறுமுன் போன் போட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது, மலையேற்றம். 2024 அக்டோபரில் மாநில அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற இணையப் பதிவைத் தொடங்கியது, 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன். குமரி மாவட்டத்தில் எந்தத் தடம் எந்த மாதம் திறந்திருக்கிறது என்பதை அதில் பார்த்துவிட்டே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். இடம் குறைவு, சனி ஞாயிறு முதலில் நிரம்பிவிடும். பதிவில் கொடுக்கும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 'செல்வன்' என்று பதிந்துவிட்டு 'எஸ். தமிழ்ச்செல்வன்' என்ற ஆதாருடன் வந்து நின்று காலை நேரத்தை வீணாக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் உடன் வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் எடுத்து வாருங்கள்.

மூன்றாவது, ஆய்வு, படப்பிடிப்பு, கல்லூரிக் களப்பயணம். இதற்கு எழுத்து மூலமான விண்ணப்பம் வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எந்தெந்த நோக்கத்துக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வன உயிரின ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, சரணாலயத்துக்குள் வசிப்பவரோடு சட்டப்படியான வேலை. உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இவற்றில் ஒன்று இருக்கட்டும். 'இயற்கையை ரசிக்க' என்று எழுதினால் கோப்பு நகராது. கடிதத்தில் வேண்டியவை: வருகிறவர்கள் அனைவரின் பெயர், வயது, முகவரி, கைபேசி எண், நுழையும் இடம், திரும்பும் இடம், தேதி, மாற்றுத் தேதி ஒன்று, வண்டி எண், என்ன கருவிகள், மாதிரி எதுவும் சேகரிப்பீர்களா, மாட்டீர்களா. சேகரிப்பதாக இருந்தால் முடிவு சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளர் அளவில், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சேகரிப்பு இல்லையென்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதி முத்திரையோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். இதை விட்டவர்கள்தான் மறுமுறை 'எப்போ குடுத்தீங்க?' என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் நிற்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கொடுத்தால் அது திங்கட்கிழமைக் கடிதம். அனுமதி வந்ததும் சம்பந்தப்பட்ட ரேஞ்ச் அலுவலகத்தில் ஒரு நகலை நேரில் கொடுத்துவிடுங்கள். நாகர்கோவிலில் கையெழுத்தானது செக்போஸ்ட் காவலருக்கு அன்றே தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். காட்டிலும் குளத்திலும் கடற்கரையிலும் அதனால் வரும் தொல்லையும் அதற்கு வேண்டிய அனுமதிகளும் உங்கள் படத்தின் மதிப்பைவிடப் பெரியவை.

4. செலவு

நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் பெரிய தொகை அல்ல. கேமராவுக்குச் சில இடங்களில் தனிச்சீட்டு. ஆனால் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக 500 ரூபாய் கையில் இருக்கட்டும். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாமல் யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பணத்துக்கும் சீட்டு கேளுங்கள். சீட்டு இல்லாமல் வாங்குகிறவரிடம் கொடுத்தால் நாளை நீங்கள் உள்ளே போனதற்கே ஆதாரம் இருக்காது, விபத்து நேர்ந்தால் அது தலைவலி.

வழிகாட்டியோடு செல்லும் மலையேற்றங்களுக்குத் தடத்தின் நீளத்தைப் பொறுத்துச் சில நூறிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும். அதில் உணவு, காப்பீடு அடங்குமா என்று பதியும்போதே பாருங்கள். அனுமதி இல்லாமல் 'பின்வழியாக' அழைத்துப் போகிறேன் என்று அடிவாரத்தில் பேரம் பேசுகிறவரும் இருப்பார். சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி பொதுவான குற்றங்களுக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டினால் வழக்கு உங்கள்மீதும் அவர்மீதும். ஊருக்குத் திரும்பிப் போகிறவர் நீங்கள், அங்கேயே வாழ வேண்டியவர் அவர்.

5. பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் போத்தலில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்த்து எடுத்து வைப்பார்கள். சிப்ஸ் பாக்கெட் வாங்குவதற்குப் பதில் நாகர்கோவிலில் ஏத்தங்காய் வற்றலைக் கால் கிலோ எடைபோட்டு வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு இலைப் பொதிச் சோறு அல்லது அவித்த மரச்சீனி. பழம் கொண்டுபோகாதீர்கள். குறிப்பாகச் சக்கைப்பழமும் (பலா) அன்னாசியும் வண்டியில் இருந்தால் அந்த வாசனையை யானை வெகு தூரத்திலிருந்தே பிடித்துவிடும். மட்டி வாழைப்பழமும் அப்படித்தான், குரங்குக்கு.

அட்டைக்கு: முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ், சில நூறு ரூபாய். உப்பு, புகையிலை, சுண்ணாம்புப் பொட்டலங்களைக் கொண்டுபோய் ஓடைக்கரையில் உதறுவது வேண்டாம். தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் அது நஞ்சு. கடித்த அட்டையின் மெல்லிய முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விட்டுவிடும். நெருப்பு வைத்தால் அது கக்கிவிட்டு விழும், புண் சீழ் வைக்கும்.

இவை தவிர, கெட்டியான குப்பைப் பை ஒன்று, நாப்கின்களுக்கு ஜிப் உறை ஒன்று, சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச் ஒன்று. சாம்பல், பழுப்பு, இலைப்பச்சை உடை. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம்.

6. காட்டுக்குள்

கழிப்பறை வேலையை நுழைவாயிலிலேயே முடியுங்கள். உள்ளே தவிர்க்க முடியாமல் போனால் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மூடிவிட்டு வாருங்கள். டிஷ்யூவைப் புதைக்கக் கூடாது, பன்றி கிளறி வெளியே போட்டுவிடும். பையில் திரும்ப வரட்டும்.

ஓடையில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியல் மூன்றும் கூடாது. 'மக்கும் சோப்' என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும், ஓடும் தண்ணீரில் மீனின் செவுளில் போய்ப் படியும். கோதையாற்றுத் தண்ணீர் கீழே பேச்சிப்பாறை அணையில் சேர்ந்து வயலுக்கும் குடிநீருக்கும் போகிறது. வெயில் கிரீம் பூசியிருந்தால் கரையில் துடைத்துவிட்டு இறங்குங்கள்.

கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டிப் படம் எடுக்கும் பழக்கம் இப்போது காளிகேசம் வரை வந்துவிட்டது. ஓடைக் கல்லின் அடிப்பக்கம்தான் தலைப்பிரட்டையும் தும்பியின் இளம்புழுவும் நண்டும் இருக்கும் வீடு. ஒரு கல்லைப் புரட்டினால் அந்த வீடு வெயிலில் காய்கிறது. அடுக்கியதைப் பார்த்து அடுத்து வருகிறவரும் அடுக்குவார். ஏற்கெனவே அடுக்கியிருந்தால் சத்தமில்லாமல் ஓடையிலேயே கலைத்து வையுங்கள்.

வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே கரையேறி உயரமான பக்கம் போங்கள். பையை எடுக்க அக்கரைக்குத் திரும்பாதீர்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. நாளிதழில் நீர்மட்டம் இவற்றை நெருங்குவதாகப் படித்தால் உபரிநீர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று பொருள், திற்பரப்பில் குளிக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

யானை: இந்தப் பக்கத்தில் அடர்காட்டில் மட்டும் இருப்பதில்லை, ரப்பர் தோட்டத்துக்குள் சாதாரணமாக வரும். மாலை 5 மணிக்குமேல், காலை 8 மணிக்கு முன் பேச்சிப்பாறைக்கு மேலே இருசக்கர வண்டியில் போகாதீர்கள். ஆவி பறக்கும் பிண்டமோ (யானைச் சாணம்), பால் வடியப் புதிதாக ஒடிந்த கிளையோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சாலையில் எதிர்ப்பட்டால் நூறு மீட்டர் தள்ளியே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, எஞ்சினை உறுமவிடாமல் பின்னால் எடுங்கள். காதை விரித்து நேராகப் பார்க்கிறது, வாலைத் தூக்குகிறது என்றால் தாமதித்துவிட்டீர்கள். படம் எடுக்க இறங்குகிறவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள். மருந்துவாழ்மலைப் படியில் பையைப் பிடுங்கும் குரங்குகளை உருவாக்கியது மனிதக் கைதான். தீனிக்குப் பழகியவை சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் ஒரே வாக்கியத்தில் தடுக்கிறது. அடுத்து 30ஆம் பிரிவு, தீ. பீடி, சிகரெட், கேஸ் அடுப்பு, கற்பூரம் எல்லாம் இதில் அடங்கும்.

காளிகேசத்தில் கோயில் உண்டு. கும்பிட வருகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம் அல்ல, அவர்கள் குளிக்கும் படித்துறையில் கேமராவை நீட்டாதீர்கள். கும்பிட வருகிறவர்களுக்கும் ஒன்று: எண்ணெய்க் குப்பியும் பூ வந்த பிளாஸ்டிக் உறையும் நைவேத்தியத்தில் சேர்ந்தவை அல்ல, வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

7. தேரூரும் மணக்குடியும்

காட்டைவிட இங்கே சுலபம், அனுமதிக் கடிதம் வேண்டாம். அதனாலேயே இங்கே கட்டுப்பாடு குறைவு, பொறுப்பு உங்களிடம்.

சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆலா, உள்ளான் வகைகள். கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவற்றையும் பார்க்கலாம். பூநாரை வேண்டுமென்றால் மணக்குடி, புத்தளம் உப்பளப் பக்கம். உப்பளம் ஒருவரின் தொழிலிடம், பாத்தி வரப்பில் இறங்குமுன் கேளுங்கள். மிதித்த வரப்பு உடைந்தால் ஒரு பாத்தி உப்பு போய்விடும்.

காலை 6 முதல் 9 வரை நல்ல நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையில் நில்லுங்கள். 8x42 இருநோக்கி (பைனாகுலர்) போதும். சாலையோரக் குளங்களில் வண்டியை விட்டு இறங்காமல் பார்ப்பதே சிறந்த வழி. பறவைகள் வண்டிக்குப் பழகிவிட்டன, இரண்டு காலில் நிற்கும் உருவத்துக்குத்தான் பறக்கின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஜன்னலில் ஒரு மணல் பையை வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதை மீட்டரில் சொல்ல முடியாது, பறவை சொல்லும். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டுகிறது என்றால் அதுதான் எல்லை, இரண்டடி பின்வாங்குங்கள். கூட்டமாக நீந்தி நடுக்குளத்துக்கு நகர்ந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதும் கை தட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்பு சேர்க்க வந்த பறவை அது. காலையில் நான்கு முறை கிளப்பிவிட்டால் அதன் அன்றைய தீனி உங்கள் படத்துக்குச் செலவாகிவிடுகிறது.

குளக்கரை விவசாயிகளின் பாதை. நீங்கள் வரும் மாதங்களில் கும்பப்பூ நெல் வயலில் நிற்கும், பிப்ரவரி வாக்கில் அறுவடை இயந்திரம் வரும். கரையில் காரை நிறுத்தினால் அது திரும்ப முடியாது. மடைக்குப் பக்கத்தில் கேமரா முக்காலி போடாதீர்கள். தாமரை பறிக்கிறவர்களையும் மீன் குத்தகைக்காரர்களையும் 'பறவைக்குத் தொந்தரவு' என்று விரட்டும் வெளியூர்ப் படக்காரர்கள் உண்டு. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருவதே அவர்கள் வயலுக்காக என்பதை மறந்துவிடுகிறார்கள்.

8. இரவில் கடற்கரை

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைகளில் ஏறும். ஒரு குழியில் நூறு முட்டைக்குமேல் இருக்கும், பொரிய 45 முதல் 60 நாள். வனத்துறையோடு சேர்ந்து செல்லும் இரவு நடையில் மட்டும் பங்கேற்கலாம். ரேஞ்ச் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேளுங்கள். தனியாகத் தேடிப் போகாதீர்கள்.

தற்செயலாகக் கண்டால்: டார்ச்சை அணையுங்கள், கைபேசித் திரையையும். அசையாமல் நில்லுங்கள். கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். முன்பக்கம் போகக் கூடாது, தொடக் கூடாது. டிராக்டர் டயர் தடம்போல் மணலில் தெரிவது அதன் பாதை, அதை அழிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது அவர்கள் வேலை. நல்லெண்ணத்தில் நீங்கள் எடுத்தாலும் குற்றம், உருட்டினால் கருவும் கெடும். கரையில் தீமூட்டுவதும் ஜீப் ஓட்டுவதும் முட்டைக் குழிகளைக் கெடுத்துவிடும்.

குளிப்பதைப் பற்றி ஒரு வரி. கள்ளக்கடல் (தொலைவில் வீசும் காற்றால் முன்னறிவிப்பின்றி எழும் பேரலை) எச்சரிக்கை வந்திருந்தால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் காலைக்கூட நனைக்காதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில். கிளம்புமுன் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) அறிவிப்பைப் பாருங்கள்.

கன்னியாகுமரிக் கடைகளில் பவளத்துண்டோ கடல்குதிரையோ காட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. விற்றவரோடு வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

9. காணிக் குடியிருப்புகள்

பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் காணிப் பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அந்த மண்ணில் உரிமை தருகிறது. உங்களுக்கு விருந்தாளியின் இடம் மட்டும். அழைப்பில்லாமல் குடியிருப்புக்குள் நுழைய வேண்டாம், குழந்தைகளுக்கு மிட்டாய் நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். தேன், மிளகு வாங்கினால் சொன்ன விலை கொடுங்கள். நாகர்கோவில் கடை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர்கள் அதைத் தலைச்சுமையாக இறக்கும் தூரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூலிகையைக் காட்டச் சொல்லி நச்சரிக்காதீர்கள். காட்டினாலும் அது நிற்கும் இடத்தை வெளியே எழுதாதீர்கள்.

10. ஏதாவது நேர்ந்தால்

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். 108ஐ அழைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து முடிந்தால் பாம்பைப் படம் எடுங்கள், அடிக்காதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கானது. மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது, அதனால் எது கடித்தது என்ற தகவல் மருத்துவருக்கு உதவும்.

கீரிப்பாறையைத் தாண்டினால் சிக்னலை நம்ப வேண்டாம். திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆனால் யாரை அழைப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

11. திரும்பிய பிறகு

செருப்பு, ஷூ அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள், சாக்ஸில் ஒட்டிய விதைகளை எடுத்துக் குப்பையில் போடுங்கள். களைகள் பல ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பயணிகளின் காலோடும் போகின்றன. குப்பைப் பையை அடிவாரத் தொட்டியில் போடாமல் நாகர்கோவில் வரை கொண்டுவாருங்கள். அடிவாரத் தொட்டியைப் பன்றியும் குரங்கும்தான் காலி செய்யும்.

படம் போடுகிறீர்களா, போடுங்கள். காளிகேசம், திற்பரப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த பெயரைச் சொல்வதில் தவறில்லை. பெயரில்லாத ஓடை, கூடு, ஆர்க்கிட், ராஜநாகம் கண்ட இடம் ஆகியவற்றுக்கு 'குமரி மாவட்டம்' என்றால் போதும். கைபேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கும், பதிவேற்றுமுன் அதை நீக்குங்கள். பறவைப் பட்டியலைச் சில வாரம் தாமதித்துப் பதிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எழுத்து அனுமதி பெற்றுப் போனவர்கள் ஒரு பக்க அறிக்கை எழுதி அதே அலுவலகத்துக்கு அனுப்புங்கள்: எத்தனை பேர் போனோம், என்ன பார்த்தோம், எங்கே சுருக்குக் கம்பியோ குப்பைக் குவியலோ இருந்தது. அனுமதிக் கடிதத்தின் எண்ணும் தேதியும் அதில் இருக்கட்டும், நகலைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது 'பார்வை' என்ற இடத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால், உங்கள் பழைய கோப்பைத் தேடி எடுப்பது அவர்களுக்கும் சுலபம்.